கண்டவர்கள் கற்கும் வரலாறு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முதியோர் வாக்கு. பிள்ளைகளைக் கரைசேர்த்து, தலையும் நரைத்த பின்னர் ஒருவர் "நான் வரலாறு படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், ஊரவர் இந்தப் பழமொழியைத்தான் அவர் முன் எடுத்து வைப்பார்கள். கணக்கு வைக்கப் படித்தால் கடைக்கு உதவும். ஆங்கிலம் படித்தால் கந்தோருக்கு உதவும். வரலாறு எதற்கு உதவும்? அன்பார்ந்த நேயர்களே, இந்தக் கேள்வியை இன்று சற்று ஆறுதலாக ஆராய்வோம். பேச்சு அந்தரத்தில் தொங்காதிருக்க ஓர் ஊரையும் துணைக்கு எடுத்துக்கொள்வோம். அந்த ஊர் பூவரசங்குளம்.

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே பம்பைமடுவைத் தாண்டிச் சென்றால் வருவது பூவரசங்குளம். ஒரு மரத்தின் பெயரும் ஒரு குளத்தின் பெயரும் சேர்ந்து ஓர் ஊரின் பெயராயிற்று. வன்னியில் இது புதுமையன்று. அங்கே பல ஊர்களின் பெயர் குளத்திலேயே முடியும். கட்டும் துருசும் வாய்க்காலும் அமைந்த பின்னரே அங்கு வயலும் வீடும் கோயிலும் வந்தன. எனவே வன்னியில் ஊரின் வரலாறு என்றால் முதலில் குளத்தின் வரலாறு.

ஆனால் இன்று அந்தக் குளங்களின் கீழ் வாழ்கின்றவர்கள் எல்லோரும் ஒரே வழியால் வந்தவர்களல்லர். வவுனியா மாவட்டத்திலே தலைமுறை தலைமுறையாகக் கமம் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்தவர்களைக் குடியேற்றுவதற்கு 1970களின் பிற்பகுதியில் டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் இயக்கம் வவுனியாவில் நின்று பணியாற்றியது. பின்னர் போர் வந்தது. ஓடினார்கள், திரும்பினார்கள், மறுபடியும் ஓடினார்கள். 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டார்கள். அந்த முகாம்கள் முற்றாக மூடப்பட்டது 2012இல். இத்தனை வழிகளால் வந்தவர்கள் ஒரே துருசின் நீரைப் பங்கிட்டு வாழ்கின்றார்கள்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின்போது வரலாறும் புவியியலும் ஒன்றாக்கப்பட்டுச் சமூகக்கல்வி என்ற ஒரே பாடத்துக்குள் அடக்கப்பட்டன. 2007இல்தான் ஆறாம் ஆண்டு முதல் பதினோராம் ஆண்டு வரை வரலாறு மீண்டும் கட்டாயத் தனிப்பாடமாயிற்று. இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்கள் பாடசாலை சென்றது அந்த இடைக்காலத்திலே. பலர் அந்தப் பாடசாலையையும் முடிக்கவில்லை. இடப்பெயர்வு அதற்கு இடம் கொடுக்கவில்லை. வரலாறு யாருடைய வாசற்படியை மிதித்துக்கொண்டு போயிற்றோ, அந்தத் தலைமுறைக்கே வரலாறு என்ற பாடம் மிகக் குறைவாகக் கிடைத்தது. வளர்ந்தவர்களுக்கான வரலாற்று வகுப்பு நம்மிடையே வேண்டியிருப்பது இதனாலேதான்.

அப்படிக் கற்க விரும்புகின்றவர் எங்கே போவது? நமது நாட்டில் உயர்கல்வியே ஒரு வகையில் தூரத்துப் படிப்பாகத்தான் தொடங்கியது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தப்படுத்தியது. வெளிவாரிப் பட்டம் என்பது அன்று தொட்டு நமக்குப் பழகிய சொல். எத்தனையோ ஆசிரியர்கள் பகலிற் படிப்பித்து, இரவிற் படித்து, நாற்பது வயதிற் பட்டம் பெற்றார்கள். 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் அமைந்தபோது அங்கே வரலாற்றுத்துறையும் அமைந்தது. 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. வவுனியாவுக்கு 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்தது. 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி அது வவுனியாப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பம்பைமடுவில் அதன் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டுதான் பூவரசங்குளத்தார் பட்டணம் போய் வருகின்றார்கள். ஆனால் பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம் ஆகிய பீடங்களோடே அது பல்கலைக்கழகமாயிற்று. மாவட்டத்துக்குப் பல்கலைக்கழகம் வந்தபோது வரலாறு அதனுடன் வரவில்லை.

வெளிவாரிப் பட்டம் நல்லது. அதனாற் பயன் பெற்றவர் பலர். எனினும் அது பரீட்சையை நோக்கிய படிப்பு. கற்பவருக்குத் தெரியாததை அது கொடுக்கிறது. கற்பவருக்குத் தெரிந்ததை அது கேட்பதில்லை. ஐம்பத்தைந்து வயதுக் கமக்காரரும் பதினெட்டு வயது மாணவரும் அதற்கு ஒரே சுட்டிலக்கந்தான்.

வேறுவிதமாகவும் நடந்ததுண்டு. இங்கிலாந்தில் 1903இல் தொழிலாளர் கல்விச் சங்கம் தொடங்கியது. 1908இல் அதன் வகுப்புகளை நடத்த றிச்சர்ட் ரோனி என்ற இளைஞர் றொச்டேல், லோங்டன் என்னும் தொழில் நகரங்களுக்குப் போனார். முன்னே இருந்தவர்கள் நெசவாளரும் மட்பாண்டத் தொழிலாளரும். பாடம் பொருளாதார வரலாறு. நான்கு ஆண்டுகளின் பின், பதினாறாம் நூற்றாண்டின் காணிப் பிரச்சினை பற்றி அவர் எழுதிய பெருநூல் வெளிவந்தது. அதன் முன்னுரையிலே, நூல்களில் எளிதிற் கிடைக்காதவற்றை நெசவாளரும் மட்பாண்டக்காரரும் சுரங்கத் தொழிலாளரும் பொறித் தொழிலாளரும் தமக்குக் கற்பித்ததாக நன்றி கூறியிருக்கிறார். மாணவர் ஆசிரியருக்குக் கொடுத்த பாடம் அது. பின்னர் ஈ. பி. தொம்சன் 1948 முதல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வெளியக வகுப்புகளில் வளர்ந்தவர்களுக்குக் கற்பித்தார். ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம் பற்றி 1963இல் வெளிவந்த அவரது நூல் அந்த ஆண்டுகளிலேதான் வளர்ந்தது. சுவீடனில் 1978இல் ஸ்வென் லிண்ட்கிவிஸ்ட் ஒரு நூல் எழுதினார். 'நீ நிற்கும் இடத்தைத் தோண்டு' என்பது அதன் தலைப்பின் பொருள். ஒரு தொழிற்சாலையின் வரலாற்றை முதலாளிமார் மட்டும் எழுதுவது போதாது, அங்கு வேலை செய்பவரே தேடி எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கான வழிமுறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

பூவரசங்குளத்தில் அவ்வாறு தோண்டத் தொடங்கினால் என்ன கிடைக்கும்? சனசமூக நிலையத்திலே இருபது பேர் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதற் பாடம் குளம். குளத்து நீரை முன்னர் யார் பங்கிட்டார்? விதானையார் என்று மூத்தவர் ஒருவர் சொல்வார். அந்தப் பதவி எப்போது போயிற்று என்று கேட்டால் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்துக்கு வர வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ்ப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. குளக்கட்டு எப்போது உடைத்தது என்று கேட்டால் ஒருவர் பெருவெள்ளம் என்பார், மற்றவர் புயல் என்பார். நாட்டின் பல குளங்களை உடைத்த பெருவெள்ளம் 1957 டிசெம்பரில் வந்தது. தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வட இலங்கையையும் தாக்கியது 1964 டிசெம்பரில். இரண்டும் மாரிக்காலத்து அழிவுகள். ஞாபகத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். "அப்போது உங்கள் மூத்த பிள்ளை பிறந்துவிட்டதா?" என்ற ஒரு கேள்வியிலே சிக்கல் அவிழும். காலத்தை நிறுவுவது வரலாற்றாசிரியரின் முதல் வேலை. அந்த வேலையை அவர்கள் தம்மையறியாமலே தொடங்கிவிட்டார்கள்.

இப்படிச் சொல்வதால், கண்டவர் சொன்னதெல்லாம் வரலாறு என்று ஆகிவிடாது. கண்டவரின் ஞாபகமும் தவறும். ஊர் முழுவதும் சேர்ந்து ஒன்றை நம்பினாலும் அது தவறாக இருக்கக்கூடும். பண்டாரவன்னியனை எடுத்துக்கொள்வோம். 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி அவன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி வெள்ளையரை ஓடச் செய்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவிலே கப்டன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தார். அதைக் குறித்து அங்கே ஒரு கல்லும் நாட்டப்பட்டது. அவன் அன்று அங்கே மாண்டான் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. கல்லிலே எழுதப்பட்டிருந்தது தோற்கடித்த செய்தி மட்டுமே. கொன்றதாக அதில் இல்லை. அவன் அதன் பின்னரும் உயிரோடிருந்தான் என்று ஆங்கிலேயர் ஆவணங்களைக் கொண்டு காட்டியவர்கள் உண்டு. அவனை நாம் எந்த நாளில் நினைவு கூருவது, வென்ற நாளிலா, தோற்ற நாளிலா? ஒரு கல்லைக் கவனமாக வாசித்தால் இவ்வளவு கேள்வியும் பிறக்கிறது. இதைக் கேட்க ஒருவர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை.

கற்றவர்களும் தம் கருத்தை மாற்றுவதுண்டு. யாழ்ப்பாண வளாகத்தின் முதல் வரலாற்றுப் பேராசிரியரான கா. இந்திரபாலா, இலங்கையில் தமிழர் குடியேற்றங்கள் பற்றி 1965இல் லண்டனில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்தார். நாற்பது ஆண்டுகளின் பின், 2005இல், இலங்கைத் தமிழர் ஓர் இனக்குழுவாக ஆக்கம் பெற்ற வரலாற்றை நூலாக வெளியிட்டபோது, தமது பழைய முடிவுகளைத் திருத்தி எழுதினார். 1980இல் ஆனைக்கோட்டையில் நடந்த அகழாய்வு போன்றவை இடையிலே புதிய சான்றுகளைத் தந்திருந்தன. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தம்மையே கேட்டுக்கொள்கின்றவர்தான் அவ்வாறு செய்வார். வளர்ந்தவர்களின் வகுப்பு அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய கொடை இந்தக் கேள்வியே.

இதனாற் கறிக்கு என்ன பயன் என்று இன்னும் கேட்பவர் இருக்கலாம். அவருக்குக் காணியைக் காட்டுவோம். வன்னியில் மிகுதியான காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வழிவந்த அனுமதிப்பத்திரக் காணி. ஓட்டத்திலே அந்தப் பத்திரங்கள் தொலைந்தன. உறுதிக் காணியானால் வேறொரு தொல்லை. பத்தாண்டுகள் தொடர்ந்து ஒரு காணியை எதிர்ப்பின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது நமது பழைய சட்டம். போரினால் வெளியேறியவர் தம் காணியை இழக்காதிருக்க 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதலாம் திகதியிலிருந்து 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயல்களால் உரிமையை நாடிச் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக் கூடாது என்றது அது. எந்த மாதம் ஊரை விட்டோம், எப்போது திரும்பினோம், கிணறு எங்கிருந்தது, வேலி எங்கிருந்தது, யார் சாட்சி என்பவற்றை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவருக்கே அத்தகைய சட்டம் கைகொடுக்கும். ஞாபகத்தைச் சான்றாக மாற்றும் கலை வரலாறு. அந்தக் கலை தெரியாமல் காணியை இழந்தால் அது பிள்ளைகளுக்கும் இழப்பு.

இனி இணையத்துக்கு வருவோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து எவரும் வாசிக்க வைத்தது. 2001இல் தமிழ்நாட்டு அரசு நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றது. தமிழரின் பண்பாட்டு வரலாற்றுப் பாடங்களை வீட்டிலிருந்தே படிக்க வழி செய்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது விரிவுரைகளே கைத்தொலைபேசிக்கு வந்தன. ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய நூலைப் பார்ப்பதற்கு முன்னர் கொழும்புக்குப் போக வேண்டும். இன்று அத்தகைய பழைய நூல்களைக் குளக்கட்டில் இருந்தே வாசிக்கலாம். இதைச் சிறிதென்று எவரும் சொல்ல முடியாது.

ஆயினும் திரையிலே ஒரு குறை உண்டு. அது சொல்லும், கேட்காது. லூயிஸ் துரை எழுதியது அரச அலுவலரின் கண்ணால் கண்ட வன்னி. அதை வாசித்துவிட்டு, "துரை எழுதியது இது, எங்கள் ஊரில் வழங்குவது இது" என்று இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைக்க ஒரு கூட்டம் வேண்டும். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் வானொலியையும் தொலைக்காட்சியையும் கொண்டு கற்பிக்கத் தொடங்கியபோதே, மாணவர் நேரிற் சந்திக்கும் வகுப்புகளையும் கோடைகால முகாம்களையும் சேர்த்தே வைத்தது. வானொலியில் பேசுகின்ற எமக்கும் இது தெரிந்த விடயந்தான். எமது குரல் உங்கள் வீட்டுக்குள் வரும். உங்கள் மறுமொழி அதே நேரத்தில் எம்மிடம் வராது.

நேரிற் கூடுவதில் இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. அதுவே கடினமானதும் ஆகும். பரம்பரைக் கமக்காரரின் பேரன் "இது எங்கள் காடு" என்பார். மலையகத்திலிருந்து வந்தவரின் மகள் "அந்தக் காட்டை வெட்டியது என் தகப்பன்" என்பாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். தனித்தனித் திரைகளில் இருவரும் தத்தம் வரலாற்றை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அவை இரண்டும் சந்திக்கப் போவதில்லை. ஒரு வாங்கிலே பக்கத்தில் இருந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் முழுவதும் கேட்டு, ஆண்டையும் இடத்தையும் சரிபார்த்து ஒரே கொப்பியில் எழுதினால், அது இரு பகுதியாருக்கும் பொதுவான ஊர் வரலாறாகும்.

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. ஒரு சனசமூக நிலையம், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர், நூல்களைத் திறந்து காட்ட ஒரு கைத்தொலைபேசி, கிழமையில் ஒரு மாலை நேரம் போதும். ஒன்று மட்டும் தாமதிக்க முடியாதது. 1957இன் வெள்ளத்தைக் கண்டவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். 1977இல் பிள்ளையைத் தோளில் சுமந்து வந்தவர்களும் முதுமை எய்திவிட்டார்கள். அச்சிட்ட நூல்களைக் காப்பாற்ற இணையம் வந்துவிட்டது. எழுதப்படாதவற்றைப் பக்கத்து வீட்டார் போய்க் கேட்டு எழுதினால்தான் உண்டு. இந்தக் கிழமையே ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு ஒரு முதியவரிடம் போங்கள். குளக்கட்டைப் பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள்.