நிறமாலை இசை

நிறமாலை இசை என்பது 1970களில் பாரிஸ் நகரில் உருவான ஓர் இசைப் போக்கு. ஓர் ஒலிக்குள் அடங்கியிருக்கும் மேற்சுரங்களையே இசைப்படைப்பின் மூலப்பொருளாகக் கொள்வது இதன் அடிப்படை. முப்பட்டகத்தில் நுழையும் வெள்ளொளி பல நிறங்களாகப் பிரிவதுபோல, ஒரே சுரமாகக் காதில் விழும் ஒலியையும் பல அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டலாம். பெயர் அதிலிருந்தே வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவின் புதுமை நாடிய இசையில் சீரியலிசம் மேலோங்கியிருந்தது. பியர் பூலே, கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் போன்றோர் சுரம், கால அளவு, ஒலியின் வலிமை ஆகியவற்றை முன்கூட்டியே வகுத்த வரிசைகளில் அமைத்தனர். தாளில் பார்த்தால் கணக்கு பிசகாது. ஆனால் கேட்பவர் காதுக்கு அந்த ஒழுங்கு பெரும்பாலும் எட்டவில்லை. அடுத்த தலைமுறையை உறுத்தியது இதுதான். இத்தாலியரான ஜாசிந்தோ செல்சி 1959இலேயே ஒவ்வொரு பகுதியும் ஒரே சுரத்தைச் சுற்றி அமைந்த நான்கு பகுதிப் படைப்பு ஒன்றை எழுதியிருந்தார்.

ஒலிவியே மெசியானின் மாணவர்களான ஜெரார் கிரிசே (1946–1998), திரிஸ்தான் முராயி (பிறப்பு 1947) இருவரும் இப்போக்கின் முதன்மையானவர்கள். 1973இல் முராயி, மிக்காயேல் லெவினாஸ், ரோஜே தெசியே முதலியோர் தொடங்கிய ‘லிதினெரேர்’ என்ற இசைக்குழு இவர்களுக்கு மேடையாக அமைந்தது.

கிரிசே 18 இசைஞர்களுக்காக 1975இல் எழுதிய ‘பார்சியல்’ என்ற படைப்பைக் கொண்டு இம்முறையை எளிதில் விளக்கலாம். டிராம்போனில் ஊதப்படும் மிகத் தாழ்ந்த ஒரு சுரம், சுமார் 41 ஹெர்ட்ஸ், அதன் தொடக்கம். அந்த ஒலியைக் கருவியால் பகுத்து, எந்த மேற்சுரம் எப்போது, எவ்வளவு வலிமையுடன் எழுகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு வாத்தியத்திடம் ஒப்படைத்தார். 41இன் ஏழு மடங்கான மேற்சுரம் சுமார் 288 ஹெர்ட்ஸ். பியானோவில் அதற்குக் கட்டை இல்லை. அருகில் உள்ளவை 277, 294 ஆகியவையே. ஆகவே அரைச்சுரத்தினும் நுண்ணிய இடைவெளிகள் தேவைப்பட்டன. (நன்கு சுருதி சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாத காந்தாரம் ஒலிப்பதைக் கேட்டவர்களுக்கு இது புதிராக இராது. அதுவும் மேற்சுரமே.) முதலில் ஒன்றுபட்டு ஒலிக்கும் இந்த அடுக்கு, திரும்பத் திரும்ப வரும்போது மெல்லச் சீர் குலைந்து இரைச்சலை நோக்கி நகர்கிறது. இந்த நகர்வைப் பயிற்சியில்லாத காதும் பின்தொடர முடியும். இறுதியில் இசைஞர்கள் தாள்களைச் சரசரவென்று அடுக்கத் தொடங்குவர். ஒருவர் ஜாலராவை அடிக்க ஓங்குவார். அடி விழும் முன் விளக்கு அணைந்துவிடும்.

‘நிறமாலை இசை’ என்ற பெயரை 1979இல் வழங்கியவர் இசையமைப்பாளர் யூக் துஃபூர். கிரிசே அதை விரும்பவில்லை. அவருக்கு நிறமாலையைவிடக் காலமும் மாற்றமுமே முக்கியம். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

1977இல் பாரிஸில் திறக்கப்பட்ட இர்காம் ஆய்வு நிறுவனத்தின் கணினிகள் இப்பகுப்பாய்வை எளிதாக்கின. அங்கு ஆங்கிலேயரான ஜோனதன் ஹார்வி 1980இல் வின்செஸ்டர் பேராலய மணியின் ஒலியையும் தம் மகனின் குரலையும் கொண்டு ஒரு படைப்பை உருவாக்கினார். பின்லாந்தின் காயா சாரியாகோவும் இந்நெறியை அங்கே கையாண்டார். பின்னாளில் அதை ஓபராவுக்கும் கொண்டுசென்றார். ஆஸ்திரியரான கியோர்க் பிரீட்ரிக் ஹாசின் ‘இன் வேன்’ (2000), சில பகுதிகளில் முழு இருளில் வாசிக்கப்படுகிறது. இவர்களை ஒரே பள்ளியினர் என்று சொல்வது பொருந்தாது, எடுத்துக்கொண்டது முறையைத்தான்.

கிரிசே தம் கடைசிப் படைப்பான, மரணத்தைப் பற்றிய நான்கு பாடல்களை 1998இல் முடித்தார். அவ்வாண்டு நவம்பரில், 52ஆம் வயதில், திடீரென இறந்தார். அப்பாடல்கள் 1999 பிப்ரவரியில் லண்டனில் முதன்முறையாக அரங்கேறின.