செத்துச் செத்து விளையாட்டு

2014 மார்ச்சில் நானும் என் மனைவியும் நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தோம். சாலையோரங்களில் பனி இன்னும் அழுக்கு மேடாகக் குவிந்து கிடந்தது. 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. எட்டரைக்கு ஆபீஸ் கிளம்ப வேண்டியவன் லுங்கியோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா, லீவு போட்டிருக்கேன். இன்னிக்கு கேம் வருது."

முப்பத்து நான்கு வயது, ஒரு குழந்தைக்குத் தகப்பன். பள்ளியில் முப்பத்தோரு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த நான், சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே இரண்டு நாளுக்கு மேல் லீவு எடுத்ததில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து பார்த்த பார்வையில் காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

வெளியே குளிர், வீட்டுக்குள் ஒரே ஒரு டிவி. வேறு போக்கிடம் இல்லாமல் அந்த விளையாட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு, வரலாற்று வாத்தியாருக்கே உரிய வியாதி, இது எங்கே ஆரம்பித்தது, யார் செய்தது என்று துருவத் தொடங்கினேன். மகன் சொன்னதும் பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. வீடியோ கேம் நமக்கெதற்கு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயர் டார்க் சோல்ஸ் 2. பழைய கோட்டை, டிராகன், மந்திரவாதி, கவசம் போட்ட வீரர்கள் என்று ஐரோப்பியப் புராணக் கதை மாதிரி ஓர் உலகம். அதில் நீங்கள் சாபம் பிடித்த ஒரு மனிதன். செத்தாலும் சாக முடியாது. எதிரியைக் கொன்றால் அவனுடைய ஆன்மா உங்கள் கணக்கில் சேரும். அந்த ஆன்மாக்கள்தான் பணம், பலம், எல்லாம். அங்கங்கே கணப்பு நெருப்பு இருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து இளைப்பாறலாம். ஆனால் எழுந்தால் நீங்கள் கொன்ற எதிரிகளில் பெரும்பாலோர் மறுபடி எழுந்து நிற்பார்கள். செத்துப்போனால் சேர்த்த ஆன்மா முழுவதும் செத்த இடத்தில் கிடக்கும். அதுவரை மறுபடி நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால் அத்தனையும் போச்சு.

இதில் என்னடா சந்தோஷம் என்றுதான் நானும் கேட்டேன்.

ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற இந்தக் கம்பெனி 1986-இல் டோக்கியோவில் அலுவலகங்களுக்கான மென்பொருள் செய்யத் தொடங்கியது. 1994-இல்தான் முதல் விளையாட்டு, கிங்ஸ் ஃபீல்ட். ஹிடெடாகா மியாசாகி என்பவர் வேறொரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்துவிட்டு, 2004-இல், கிட்டத்தட்ட முப்பது வயதில், இங்கே வந்து சேர்ந்தார். சின்ன வயதில் வீட்டில் புத்தகம் வாங்க வசதியில்லை. நூலகத்தில் ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துவந்து, பாதி புரியாமல், படங்களைப் பார்த்து மீதியைத் தானே கற்பனை செய்துகொள்வாராம். அவர் செய்த விளையாட்டுகளிலும் யாரும் எதையும் முழுதாக விளக்குவதில்லை. வளர்ந்தும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை போலிருக்கிறது.

உருப்படாது என்று கம்பெனியே கைகழுவும் நிலையில் இருந்த ஒன்றைக் கேட்டு வாங்கி அவர் முடித்ததுதான் 2009 பிப்ரவரியில் வந்த டீமன்ஸ் சோல்ஸ். சோனியின் பெரிய அதிகாரி ஷுஹெய் யோஷிடா, வெளிவருவதற்கு முன்பே அதை இரண்டு மணி நேரம் போல ஆடிப் பார்த்து, ஆரம்பத்தைக்கூடத் தாண்ட முடியாமல், படுமோசம் என்று ஒதுக்கிவிட்டார். பிறகு அதைத் தன் தவறு என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவில் சோனி அதை வெளியிடவில்லை. அட்லஸ் என்ற வேறு நிறுவனம் அந்த அக்டோபரில் வெளியிட்டது. அதற்குள் ஆசியாவில் வந்த பிரதியில் ஆங்கிலம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வரவழைத்து ஆடியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே பேர் பரவிவிட்டது. 2011-இல் டார்க் சோல்ஸ். சாகத் தயாராக இரு என்பதுதான் அதன் விளம்பரமே.

இந்த விளையாட்டுகளில் எனக்குப் பிடித்துப்போன ஒன்று, தரையில் கிடக்கும் குறிப்புகள். உலகத்தின் வேறு மூலையில் ஆடும் யாரோ, முன்னால் ஆபத்து என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். நாம் அதைப் படித்துப் பிழைத்துக்கொள்ளலாம். (பள்ளத்தின் விளிம்பில், குதித்துப் பார் என்று எழுதி வைக்கும் விஷமிகளும் உண்டு. மனிதர்கள்தானே.) இந்த யோசனை வந்த கதையை மியாசாகி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். கொட்டும் பனியில் ஒரு மேட்டில் கார்கள் ஏற முடியாமல் நின்றுவிட்டன. பின்னால் வந்த கார் முன்னால் நின்றதை முட்டித் தள்ள, அதை அதற்குப் பின்னால் வந்தது தள்ள, அப்படியே எல்லோரும் ஏறினார்கள். அவரும் ஏறினார். ஆனால் நின்று நன்றி சொல்ல முடியாது. நின்றால் மறுபடி சிக்கிக்கொள்வார். வரிசையில் கடைசியாக நின்ற கார் என்ன ஆயிற்றோ என்று பிறகு நினைத்துப் பார்த்தாராம். இதை மகன் சொன்னபோது ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் மண்வாரியோடு தன் காரைத் தோண்டியெடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். 2012 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோதே சலசலப்பு. மியாசாகி இயக்கவில்லை, மேற்பார்வை மட்டும்தான். டொமொஹிரோ ஷிபுயா, யுய் தனிமுரா என்ற இருவர் பொறுப்பேற்றிருந்தார்கள். சில விஷயங்களை நேரடியாகச் சொல்வதுதான் தன் சுபாவம் என்ற பொருளில் ஷிபுயா ஒரு பேட்டியில் சொல்லிவைக்க, ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். சுலபமாக்கிவிடப் போகிறார்கள், நம் கஷ்டத்தை நம்மிடமிருந்து பிடுங்கிவிடப் போகிறார்கள் என்று ஒரு வருஷத்துக்கு மேல் கவலை. கஷ்டம் போய்விடுமே என்று கவலைப்பட்ட கூட்டத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்று காலை அந்தக் கவலை தீர்ந்தது. ஆட்டம் தொடங்கியதும் ஒரு குடிசையில் கிழவிகள் சிலர் உட்கார்ந்து, நீ போய்ச் சாகத்தான் போகிறாய் என்கிற மாதிரி சிரிக்கிறார்கள். முதல் சாவுக்கு ஒரு பரிசுக் கோப்பை வேறு வருகிறது. இதுதான் டார்க் சோல்ஸ் என்று அதற்குப் பெயர். அதைத் தாண்டினால் மஜூலா என்ற கடலோரக் கிராமம். மாலை வெயில், காற்றில் அசையும் புல், பேசும் பூனை ஒன்று. அந்த இடத்தைப் பார்த்ததும் மகன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். அவ்வளவு அழகு. பிறகு அங்கே மேய்ந்துகொண்டிருந்த பன்றிக்குட்டியைச் சீண்டினான். அது அவனைக் கொன்றுவிட்டது.

என் மனைவி சிரித்த சிரிப்பில் பேத்தி விழித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவனுடைய இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் ஹைதராபாத்காரர், இன்னொருவர் மதுரை. மூன்று பேருமே முந்தைய பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். அன்று அவர்கள் பேசியதைக் கேட்டபோது, புதுப்படம் பார்த்துவிட்டு வந்து தியேட்டர் வாசலிலேயே சண்டை போடும் கூட்டம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவை செத்தபோதும் உயிரின் உச்ச அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பாதி வரை வந்துவிடுகிறது. விழுந்தவனை மிதிப்பதா என்றார் ஹைதராபாத்காரர். காயம் ஆற்றும் குடுவை முன்பு ஐந்து மிடறோடு தொடங்கும், இப்போது ஒன்றே ஒன்று. எதிரிகள் கும்பலாக வருகிறார்கள். விளம்பரப் படத்தில் தீப்பந்தமும் இருட்டுமாகப் பயமுறுத்திய இடங்கள், வீட்டுக்கு வந்த பிரதியில் ட்யூப்லைட் போட்டது மாதிரி வெளிச்சமாக இருக்கின்றன. இந்தக் கடைசிப் புகார் நியாயமானதுதான். உலகம் முழுக்க எழுந்தது.

மதுரைக்காரருக்கு வேறு வருத்தம். முதல் டார்க் சோல்ஸில் ஊர் முழுவதும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். மணிக்கணக்கில் கீழே இறங்கி, ஏதோ ஒரு லிஃப்டில் ஏறினால், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம். நடந்து நடந்து அந்த ஊர் பாதத்தில் ஏறிவிடும் என்றார். இதில் முதலிலிருந்தே ஒரு கணப்பிலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் போய்விடலாம். ஊரை எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த வாரம் அவர் ஒரு காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் லிஃப்ட் ஏறி, மேலே போய், எரிமலைக் குழம்பில் மிதக்கும் இரும்புக் கோட்டையில் இறங்கினார். வெளியே இருந்து பார்த்தால் அந்தக் கோபுரத்துக்கு மேலே வெறும் வானம்தான். ராத்திரி பதினொரு மணிக்கு மகனுக்கு ஃபோன் செய்து கத்தினார்.

ஆனால் பத்திரிகை விமர்சனங்கள் புகழ்ந்து தள்ளியிருந்தன. எல்லா விமர்சனங்களையும் கூட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக்கில் நூற்றுக்கு 91. முந்தையதை உயிராக நேசித்தவர்கள்தான் குறை சொன்னார்கள். இரண்டு மூன்று நாள் கேட்டபின் எனக்குப் புரிந்தது. அவர்களுடைய பல புகார்களுக்கு அடியில் ஒரே புகார்தான்: இது அந்த ஆள் செய்ததில்லை. கம்பராமாயணத்தின் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வார்கள். சொன்னதுமே படிக்கிறவன் மனசு கொஞ்சம் விலகி உட்கார்ந்துகொள்ளும், இல்லையா? 1987-இல் நிண்டெண்டோவின் செல்டா இரண்டாம் பாகத்துக்கும் இதே கதிதான். முதல் பாகத்தில் மேலிருந்து பார்த்த உலகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கடினமாக்கி வைத்தார்கள். நன்றாக விற்றது. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் ஒட்டாத பிள்ளை என்றே இன்றுவரை பேசுகிறார்கள்.

இதில் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. மகன் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும்போது கணக்கு வராது. நாலு வரி போட்டு விடை வரவில்லையென்றால் நோட்டை மூடிவிடுவான். நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன், கையில் ஸ்கேலோடு. இவனுக்கு விடாமுயற்சி என்பதே கிடையாது என்று சொந்தக்காரர்கள் நடுவிலேயே சொல்லியிருக்கிறேன், பல தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, துரத்துபவன் என்று ஒரு கறுப்புக் கவசக்காரனிடம் அவன் பதினேழு தடவை செத்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டும் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் "சரி" என்று ஒரு வார்த்தை, மறுபடி நடை. கோபம் இல்லை. எட்டாவது தடவை, இடது பக்கம் நகர்ந்தால் வாள் படவில்லை என்று கண்டுபிடித்தான். பன்னிரண்டாவதில் அதை மறந்து செத்தான். நான் எழுந்து போய், அவன் உட்கார்ந்திருந்த சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். திரும்பாமலே சொன்னான்:

"அப்பா, பின்னாடி நிக்காதீங்க. பக்கத்துல வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். பதினெட்டாவது தடவை அந்தக் கவசக்காரன் விழுந்தான்.

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வேலை நடுவழியில் திசை மாறியதையும், முன்பே கட்டிவைத்த இடங்களுக்கு வேறு வேலை கொடுத்து ஒட்டவைக்க வேண்டியிருந்ததையும் தனிமுரா ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். வானத்துக்குப் போகும் லிஃப்ட் எப்படி வந்தது என்று அதைப் படித்ததும் எனக்கு ஓரளவு விளங்கியது. 2014 மே மாதம் மியாசாகி கம்பெனியின் தலைவரானார். 2015-இல் எதிரிகளை இடம் மாற்றி வைத்து, திருத்திய பதிப்பு ஒன்று வந்தது. ஏன் மாற்றினாய் என்று அதற்கும் சண்டை. 2022-இல் வந்த எல்டன் ரிங் முதல் மூன்று வாரத்துக்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றது. அதில் மியாசாகியோடு இணை இயக்குநராக இருந்தவர் அதே தனிமுரா. தொடக்கத்திலிருந்தே நொடியில் இடம்விட்டு இடம் போகும் வசதி அதில் உண்டு. இந்தத் தடவை மதுரைக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று மகன் சொன்னான்.

ஏப்ரலில் நாங்கள் ஊர் திரும்பினோம். கிளம்புவதற்கு முந்தின நாள், மஜூலா கிராமத்தில் இருக்கும் ஒரு கல்லைக் காட்டச் சொன்னேன். உலகம் முழுக்க இந்த விளையாட்டில் செத்தவர்களின் கணக்கு அதில் வரும். இரண்டு நாளைக்கு முன் பார்த்ததைவிட எங்கோ ஏறியிருந்தது. நம்முடைய சாவை மட்டும் தனியாகவும் அதில் பார்க்கலாம் என்றான். என் நோட்டுக் கணக்குப்படி 112. கல்லில் 161 என்று இருந்தது.

அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க தூங்கினப்புறமும் ஆடினேன்பா," என்றான். "அம்மாட்ட சொல்லாதீங்க."