உழவு இன்ஜின் மயிலாப்பூருக்குப் போன கதை

டீசல் இன்ஜின்னு சொன்னா சென்னைக்காரங்களுக்கு கார் ஞாபகம் வரும். எங்க மதுராந்தகம் பக்கம் கேட்டீங்கன்னா டிராக்டரும், கரண்ட் இல்லாத கெணத்துல ஓடின ஆயில் இன்ஜினும்தான் முதல்ல வரும். டீசல் கார் வெச்சிருக்கிற சொந்தக்காரங்க பலர் என்கிட்ட ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க: "உங்க டிராக்டர் இருபது வருஷம் சேத்துல ஓடுது, எங்க கார் மட்டும் ஏன் அஞ்சாவது வருஷமே ஒர்க்‌ஷாப்ல நிக்குது?" இதுக்குப் பதில் மெக்கானிக்கிட்ட பாதிதான் இருக்கு. மீதி பாதி இந்த இன்ஜினோட வரலாற்றில் இருக்கு.

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் ஊரில் 1897-ல் ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். ஏறக்குறைய 20 குதிரைத்திறன். அந்தக் காலத்து நீராவி இன்ஜின், எரிக்கிற நிலக்கரியில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றாது. டீசலின் இன்ஜின் நாலில் ஒரு பங்கை மாற்றியது. பெட்ரோல் இன்ஜின் மாதிரி இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினேழு, பதினெட்டு மடங்கு அமுக்கினால் அதுவே கொதிக்கும், அதில் டீசலைப் பீச்சினால் தானா பத்திக்கும். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கணும்னா இரும்பு கனமா இருக்கணும். அதனால ரொம்ப காலத்துக்கு கப்பல், ஆலை, லாரி, டிராக்டர்னுதான் டீசல் ஓடியது.

சென்னையில் இந்தக் கதை அண்ணா சாலையில் தொடங்குது. 1840-ல் குதிரை வண்டி கட்டுற கம்பெனியாக ஆரம்பித்த சிம்ப்சன், 1950களில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செம்பியத்தில் டீசல் இன்ஜின் தயாரித்தது. அதே குழுமத்தில் 1960-ல் டாஃபே வந்தது, மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர் வந்தது. எங்க வீட்டு 1035 டிராக்டரில் இருப்பதும் சிம்ப்சன் இன்ஜின்தான். மூணு சிலிண்டர், 2.4 லிட்டர், 36 குதிரைத்திறன். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. லிட்டருக்குப் பதினஞ்சு குதிரைன்னு வெச்சுக்குங்க. அதுகிட்ட கேக்கறது கொஞ்சம், அதனாலதான் அது இத்தனை நாள் உழைக்குது.

காருக்கு டீசல் வந்தது தாமதமாகத்தான். 1980 வாக்கில் அம்பாசடர் டீசலில் வந்தது. 1489 சிசி, 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாது. மவுண்ட் ரோடு மேம்பாலம் ஏறும்போது பின்னாடி கரும்புகை, உள்ளே உட்கார்ந்தவங்களுக்கு உடம்பே ஆடும். டாக்சிக்காரங்கதான் விரும்பி வாங்கினாங்க. சொந்தக் காருக்கு டீசல் வேணும்னு கேட்டவங்க குறைவு.

இந்த நிலைமையை மாத்தினது ரெண்டு விஷயம். முதலாவது டர்போ. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் பூஹி 1905-லேயே இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். சைலன்சர் வழியா வீணா வெளியே போற புகையை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் பாய்ச்சி சுத்த வைக்கணும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம், சின்ன இன்ஜினே பெரிய வேலை செய்யும். இவ்வளவு எளிய யோசனை டீசல் காருக்கு வர எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. விற்பனைக்கு வந்த முதல் டர்போ டீசல் கார் 1978-ல் மெர்சிடிஸ் விட்ட 300 எஸ்டி.

ரெண்டாவது காமன் ரயில். பழைய டீசலில் பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக எண்ணெயைத் தள்ளும். காமன் ரயிலில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரு குழாய். அதில் 1,300, 1,600 பார் அழுத்தத்தில் டீசல் எப்பவும் தயாரா நிக்கும், எப்போ எவ்வளவு பீச்சணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். நம்ம கார் டயரில் இருக்கிற காற்று ரெண்டே கால் பார்தான், ஒப்பிட்டுப் பாருங்க. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் இது முதன்முதலா வந்தது.

அஞ்சே வருஷத்தில் அது நம்ம வாசலுக்கு வந்துடுச்சு. 2002-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கட்டின ஹூண்டாய் ஆக்சென்ட் சிஆர்டிஐ விற்பனைக்கு வந்தது. மூணு சிலிண்டர், 1493 சிசி, 82 குதிரைத்திறன். அம்பாசடர் டீசலைவிட நாலே நாலு சிசி அதிகம், சக்தி ரெண்டு மடங்குக்கும் மேல. எங்க டிராக்டரோட ஒப்பிட்டால் லிட்டருக்கு லிட்டர் மூணரை மடங்கு. இவ்வளவு சின்ன இரும்பிலிருந்து இவ்வளவு பெரிய வேலை வாங்கணும்னா எண்ணெய், காற்று, டீசல் மூணும் சுத்தமா இருக்கணும். கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்காது.

அப்புறம் விலை. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் வரைக்கும் வித்தியாசம் இருந்தது. எங்களை மாதிரி விவசாயிக்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும்னு அரசு குறைத்து வைத்த விலை அது. அதைப் பார்த்து நாட்டில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கும் மேல டீசலாகவே போச்சு. தி.நகர், மயிலாப்பூர், அடையாறு அடுக்குமாடி வாசல்களில் டீசல் கார் வரிசையா நின்னது அப்போதான். ஜிஎஸ்டி ரோட்டில் போனா மறைமலை நகர் ஃபோர்டு ஆலை ராப்பகலா வெளிச்சமா இருக்கும். காரோட டீசல் இன்ஜினும் அங்கேயே செஞ்சாங்க.

தொல்லை ஆரம்பிச்சதும் இங்கேதான். டீசல் இன்ஜின் சூடேறி, சுமை இழுத்து, ஒரே வேகத்தில் மணிக்கணக்கா ஓடப் பொறந்தது. மயிலாப்பூரில் அதுக்கு என்ன வேலை? என் தங்கச்சி வீட்டுக்காரர் கார் காலையில் பிள்ளையை லஸ் பக்கம் பள்ளிக்கூடத்தில் விடும், அங்கிருந்து அடையாறு ஆபீஸ், சாயந்தரம் மாட வீதியில் காய்கறி. ஒவ்வொரு ஓட்டமும் மூணு, நாலு கிலோமீட்டர். பனகல் பார்க் சுத்தி முதல் கியர், ரெண்டாவது கியர். இன்ஜின் சூடாகறதுக்குள்ள அணைச்சுடறாங்க. டர்போ நல்லா வேலை செய்யற 2,000 சுற்றைத் தொடவே வாய்ப்பில்லை.

விளைவு கரி. எரிஞ்ச புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விட ஈஜிஆர்னு ஒரு வால்வு இருக்கு. அதில் கரியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கும். வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும். மச்சான் காரில் அடைச்சது இதுதான். 2020-க்கு அப்புறம் வந்த கார்களில் டிபிஎஃப்னு கரி வடிகட்டி ஒண்ணும் இருக்கு. அது பிடிச்ச கரியை அறுநூறு டிகிரி சூட்டில் தானே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கணும். ஊருக்குள்ளயே உருட்டினா அந்தச் சூடு வராது. எரிக்கப் பார்த்து பாதியில் அணைச்சுட்டா, அதுக்காகக் கூடுதலா பீச்சின டீசல் இன்ஜின் ஆயிலோட கலந்துடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தா சந்தோஷப்படாதீங்க, அது டீசல். வாரம் ஒரு தடவை ஈசிஆரிலோ ஓஎம்ஆரிலோ அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிட்டு வாங்க. பாதி வியாதி அதிலேயே போயிடும்.

அடுத்து டர்போ. அதன் தண்டு நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல சுத்தும். அதைத் தாங்கறது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். ஆயில் மாத்தற தேதியைத் தள்ளிப் போட்டா முதல்ல சாகறது டர்போ. கையேட்டில் போட்டிருக்கிற தரத்து ஆயில்தான் ஊத்தணும், டிராக்டர் ஆயில் ஆகாது. நெடுஞ்சாலையில் விரட்டிட்டு வந்து நிறுத்தும்போது ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு அணைக்கணும், இல்லேன்னா சூட்டில் எண்ணெய் கருகி ஒட்டிக்கும். புதுசா விசில் சத்தம், நீலப்புகை, ஆயில் குறையறது, இதெல்லாம் டர்போ போகப் போகுதுன்னு அறிகுறி. புதுப்பேட்டையில் பழைய டர்போ மலிவா கிடைக்கும். ஆனா முதலாவது ஏன் போச்சுன்னு பார்க்காம மாத்தினா ரெண்டாவதும் போகும்.

டீசல் ஃபில்டரில் தண்ணி தேங்கும், சர்வீஸ்ல அதை வடிக்கச் சொல்லுங்க. இன்ஜெக்டர் துளை தலைமுடி கனம்தான், ஒரு சொட்டு தண்ணியும் துருவும் போதும் அதைக் கெடுக்க.

தண்ணின்னதும் 2015 டிசம்பர் ஞாபகம் வருது. டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க. அடையாறு பொங்கி ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு நுழைஞ்சுது. தரைத்தளத்தில் நின்ன கார்கள் முழுகின. நின்னுட்டிருந்த இன்ஜினில் தண்ணி போனா கழட்டிக் காயவெச்சுக் காப்பாத்தலாம். தண்ணி வடிஞ்சதும் சாவியைத் திருகின வண்டியும், தண்ணிக்குள்ளயே ஓட்டின வண்டியும்தான் செத்துது. அரை லிட்டர் சிலிண்டரில் காற்று அமுங்கி நிக்கிற இடம் சுமார் 30 மில்லி, அதாவது ரெண்டு மேசைக்கரண்டி. அதைவிடக் கூடுதலா தண்ணி புகுந்தா பிஸ்டன் மேலே வர இடமில்லை. தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். பெட்ரோல் இன்ஜினில் அந்த இடம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. சாதாரண இன்சூரன்ஸில் பல சமயம் இதுக்குப் பணம் கிடைக்காது, இன்ஜின் பாதுகாப்புன்னு தனியா சேர்த்திருக்கணும். மழைக்காலத்துக்கு முன்னாடி பாலிசியை எடுத்துப் படிச்சுடுங்க. முழுகின காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க. பேட்டரி வயரைக் கழட்டிட்டு, இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

இந்தக் கதை இப்போ முடிவுக்கு வந்துட்டிருக்கு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போச்சு, பெட்ரோலோட இருந்த இடைவெளி சுருங்கிப்போச்சு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தது. 2001-ல் சென்னை டீசலில் 500 பிபிஎம் இருந்த கந்தகம் இப்போ 10. புகை குறைஞ்சது ஊருக்கு நல்லது, அதுல ரெண்டு பேச்சு இல்லை. ஆனா அதுக்கான கருவிகள் சின்னக் கார் விலையைத் தூக்கிடுச்சு. மாருதி டீசலையே விட்டுடுச்சு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே கார் செய்யறதை நிறுத்தறதா அறிவிச்சு, அடுத்த வருஷம் மறைமலை நகர் ஆலையும் நின்னுது. அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் எங்க பக்கத்து ஊர்களிலும் இருக்காங்க.

செகண்ட் ஹேண்டில் டீசல் கார் மலிவா வருதேன்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். மாசம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டுவீங்கன்னா தைரியமா வாங்குங்க, அதோட இழுவை பெட்ரோலுக்கு வராது. வாங்கறதுக்கு முன்னாடி இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, ஆயில் மாத்தின பில்லைக் கேளுங்க, 2015-லயும் 2023 மிக்ஜாம் புயலப்பவும் அந்த வண்டி எங்கே நின்னுச்சுன்னு விசாரிங்க. கபாலி கோயிலுக்கும் பாண்டி பஜாருக்கும் மட்டும்தான் ஓட்டம்னா பெட்ரோலோ பேட்டரியோ போதும். உழவு மாட்டைத் தொழுவத்திலேயே கட்டி வெச்சுத் தீனி போட்டா அதுக்கும் கால் பிடிச்சுக்கும். டீசல் இன்ஜினும் அப்படித்தான்.