மருந்தாய் வந்த சர்பத்

'சர்பத்' என்னும் சொல், பருகுதலைக் குறிக்கும் 'ஷரிப' என்ற அரபு வினையடியாகப் பிறந்தது. மருந்துக் குப்பியின்மேல் ஐரோப்பியர் பொறிக்கும் 'சிரப்' என்பதும் அவ்வேரில் கிளைத்ததே. சர்க்கரையோ வடமொழியில் 'சர்கரா'வாக இருந்து, பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' எனப் பெயர் பூண்டு மேற்றிசை சென்றது. கரும்பை ஸ்பெயின்வரை கொண்டு சென்றோர் அரபுகள்.

அக்காலச் சர்பத் தாகத்துக்கு அள்ளிப் பருகும் பொருளன்று. மலர்நீரும் பழச்சாறும் மூலிகையும் கெடாதிருக்கப் பாகில் இட்டு, மருத்துவர் அளவு குறித்து வழங்கிய மருந்து அது. 1906இல் டில்லியில் ஹம்தர்த் மருந்தகத்தை நிறுவிய ஹகீம் ஹாபிஸ் அப்துல் மஜீத் ஆக்கிய ரூஹ் அஃப்சாவும் அந்த யூனானி மரபின் வழிவந்ததே. நோன்பு திறக்கும் விரிப்பில் பாலோடு கலந்து நிற்கும் அதனை இன்று யார் மருந்தென்பார்!

நோயும் பழமையானதே. எறும்பு மொய்க்கும் சிறுநீரைக் கண்டு 'மதுமேகம்' எனப் பெயரிட்டனர் பாரத மருத்துவர். 1231இல் மறைந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ நீரிழிவைப் பற்றித் தனி நூலே இயற்றினார். ஆயினும் அவ்வினிப்பு யாது என்பது 1776வரை ஐயமாகவே இருந்தது. அவ்வாண்டு, லிவர்பூல் மருத்துவர் மாத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சினார். எஞ்சிய வெண்பொருள் சர்க்கரையின் மணமும் சுவையும் கொண்டிருந்தது. குருதிநீரும் இனித்தது. இனிப்பு சிறுநீரகத்தில் பிறப்பதன்று, குருதியிலேயே உள்ளது என்பது அதனால் புலனாயிற்று.

1886இல் அட்லாண்டா நகரில் பெம்பர்ட்டன் என்னும் மருந்தாளர் கலந்த கொக்கோ கோலாவும் மருந்துக் கடையிலேயே பிறந்தது என்பது வியப்புக்குரிய ஒற்றுமை. 355 மில்லி கொண்ட ஒரு குவளையில் 39 கிராம் சர்க்கரை! நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு, சேர்க்கப்படும் சர்க்கரை 50 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த வரம்பு. மென்று உண்ணும் உணவு பசியைத் தணிக்கும். பருகும் சர்க்கரை அவ்வாறு தணிப்பதில்லை. அதன் ஒரு கூறான பழச்சர்க்கரை ஈரலை அடைந்து, மிகுந்தவிடத்துக் கொழுப்பாகிறது. கொழுத்த ஈரல் இன்சுலினின் சொல் கேளாது. நாளடைவில் கணையமும் சோர்கிறது. இந்தியாவில் நீரிழிவுற்றோர் 10 கோடிக்கும் மேல் என 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு கணக்கிட்டது.

சர்பத்துக்குப் பெயர் ஈந்த மண்ணிலும் 2017இல் சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் வாயு ஏற்றிய பானங்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தன. வாயு இல்லாத இனிப்பு நீர் அப்போது தப்பியது. 2019 டிசம்பரில் அதுவும் வரிக்குள் வந்தது.