வாட்டர்லூப் போரும் கொச்சியும்

பள்ளிப் பருவத்தில் வாட்டர்லூப் போரை நாம் அனைவரும் படித்தோம். 1815 என்னும் ஆண்டை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தோம். எங்கோ பெல்ஜிய நாட்டுச் சிற்றூர் ஒன்றன் அருகே நடந்த அப்போருக்கும், மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணந்த ஜூ டவுன் தெருவுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு. அதனைச் சுருங்கக் காண்போம்.

1663இல் டச்சுக்காரர் போர்ச்சுகீசியரை வென்று கொச்சிக் கோட்டையைக் கைக்கொண்டனர். 1568இல் கட்டப்பெற்றுப் போர்ச்சுகீசியரால் சிதைக்கப்பட்ட யூதப் பள்ளி மீண்டும் எழுந்தது அவர்கள் காலத்திலேதான். அதன் மணிக்கூண்டை 1760இல் எழுப்பிய எசக்கியேல் ராஹபி, டச்சுக் கம்பெனியின் பெருவணிகராக விளங்கியவர். கொச்சி அரசர் அளித்த நிலத்தில் குடியிருந்த யூத வணிகரின் வாழ்வும் வளமும் டச்சுக் கொடியோடு பிணைந்திருந்தன.

அக்கொடி இறங்கக் காரணம் ஐரோப்பாவில் தோன்றியது. 1795இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஹாலந்தினுள் நுழைந்தது. இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஆரஞ்சு இளவரசர் ஐந்தாம் வில்லியம், தம் நாட்டுக் குடியேற்றங்களை ஆங்கிலேயர் வசம் ஒப்படைக்குமாறு கியூ என்னுமிடத்திலிருந்து மடல்கள் விடுத்தார். கொச்சியின் டச்சு ஆளுநர் எளிதில் இணங்கவில்லை. முற்றுகைக்குப் பின், அவ்வாண்டு அக்டோபரில் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பெயருக்கு அது பாதுகாப்புப் பொறுப்பே. ஆயினும் 1806இல் அவர்கள் கோட்டை மதில்களை வெடி வைத்துத் தகர்த்தனர். மீண்டும் ஒப்படைக்க நேர்ந்தாலும் வலிய கோட்டையாக ஒப்படைக்க அவர்களுக்கு மனமில்லை போலும்!

நெப்போலியன் முதன்முறை வீழ்ந்தபின், 1814 ஆகஸ்டு 13ஆம் நாள் இலண்டனில் ஓர் உடன்படிக்கை எழுந்தது. டச்சுக்காரர் கொச்சியை விட்டுக்கொடுத்தனர். ஈடாக வெள்ளீயம் விளையும் பாங்கா தீவைப் பெற்றனர். ஒரு துறைமுகத்துக்கு ஒரு தீவு! கொச்சி மக்களை எவரும் கேட்கவில்லை.

ஆனால் மை உலர்ந்து ஓராண்டு நிறைவதற்குள், 1815 மார்ச்சில் நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து திரும்பிவந்தார். நெதர்லாந்தின் புதிய முடியாட்சியே ஆட்டங்கண்டது. அது கவிழ்ந்திருந்தால் அதன் கையொப்பத்துக்கு மதிப்பேது? ஜூன் 18 அன்று அக்கேள்விக்கு விடை கிடைத்தது. முன்னிரவு பெய்த மழையால் நிலம் சேறாகி, போர் நண்பகலை நெருங்கியே தொடங்கியது. வெலிங்டன் தம் நிலையைக் காத்து நிற்க, மாலையில் புளூஹரின் பிரஷ்யப் படை வந்து சேர, நெப்போலியன் முறிந்தார். வெலிங்டனின் கீழ்ப் போரிட்டுக் காயமுற்றோருள் மடல் விடுத்த ஐந்தாம் வில்லியத்தின் பேரரும் ஒருவர். கொச்சியை இழந்த குலமே, கொச்சியைப் பெற்றோரின் வெற்றிக்குக் குருதி சிந்தியது!

வெலிங்டனும் நமக்குப் புதியவரல்லர். 1799இல் சீரங்கப்பட்டணப் போரில் ஈடுபட்டவர். நீலகிரியில் அவர் பெயரால் ஓர் ஊரே உண்டு.

வாட்டர்லூவுக்குப் பின் இந்தியக் கடலில் ஆங்கிலேயரை எதிர்க்க வல்ல ஐரோப்பியர் இலர். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை 1816இல் திரும்பப் பெற்றும், அங்கே கோட்டை கட்டும் உரிமை பெறவில்லை. தூத்துக்குடியும் பழவேற்காடும் 1825இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயின. கொச்சிக் கோட்டைப் பகுதி மலபார் மாவட்டத்தோடு இணைந்து, 1956 அக்டோபர் இறுதிவரை சென்னை ஆட்சியின்கீழ் இருந்தது. மட்டாஞ்சேரியோ கொச்சி அரசரின் நிலம். அடுத்தடுத்த தெருக்கள், ஆனால் ஆட்சிகள் இரண்டு!

தற்காலிகம் எனத் தொடங்கும் கோப்பு நிரந்தரமாக முடிவதை அலுவலகத்தில் கண்டு பழகிய நமக்கு இது வியப்பன்று. 1795இல் தற்காலிகமாகப் பெற்றதை 1814 எழுத்தில் நிரந்தரமாக்கியது. 1815 அவ்வெழுத்தைக் காத்தது. வாட்டர்லூவின் பெருமை வென்றவர் வீரத்தில் மட்டும் இல்லை. அந்தப் போர்க்களத்தின் பெயரைக்கூட அறியாத மக்களின் தலைவிதியும் அங்கே முடிவாயிற்று என்பதே நாம் உணரவேண்டிய உண்மை.

ஜூ டவுன் யூதருள் பெரும்பாலோர் 1948க்குப் பின் இஸ்ரேல் சென்றுவிட்டனர். மணிக்கூண்டு நிற்கிறது. பிழைப்பைத் தேடி இவ்வூர் வந்த நாம், நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது இவ்வரலாற்றையும் எடுத்துரைப்போமாக. வாழும் ஊரின் கதையை அறிந்தவர்க்கே அவ்வூர் சொந்த ஊராகும்.