84-ஆவது பிரிவும் செத்தவர் வீட்டுக்காரங்களும்

"மனநோயாளி வெறிச்செயல்". திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் டீக்கடை வாசல்ல தொங்கற சாயங்காலப் பேப்பர் போஸ்டர்ல இந்த ரெண்டு வார்த்தையை நீங்களும் பார்த்திருப்பீங்க. மறுநாள் அதே கம்பில வேற போஸ்டர் தொங்கும். கொன்னவர் என்ன ஆனார்னு எப்பவாவது ஒரு பெட்டிச் செய்தி வரும். செத்தவர் வீட்டுல அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு நான் படிச்சதே இல்லை. இந்தப் பதிவு அவங்களைப் பத்தி. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சட்டம். பொறுமையா படிங்க மக்களே.

ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடறேன். மனநோய் இருக்கிறவங்கள்ல ரொம்பப் பெரும்பாலானவங்க யார் மேலயும் கை வைக்கிறதில்லை. அடி வாங்கற பக்கம்தான் அவங்க அதிகம். 2001 ஆகஸ்ட் 6 அன்னிக்கு ஏர்வாடியில சங்கிலியோட கருகிப்போன 28 பேரை மறந்திருக்க மாட்டீங்க. அதனால "பைத்தியம்னாலே ஆபத்து"ன்னு யாரும் இந்தப் பதிவை முடிச்சுக்க வேண்டாம்.

கதை லண்டன்ல ஆரம்பிக்குது. 1843 ஜனவரி 20. டேனியல் மெக்நாட்டன்னு ஸ்காட்லாந்துல மரக்கடைசல் வேலை பார்த்தவர். ஆளுங்கட்சிக்காரங்க எல்லாரும் தன்னைத் துரத்தறாங்கன்னு அவருக்கு ஒரு தீராத நம்பிக்கை. பிரதமர் ராபர்ட் பீலோட செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டை முதுகுல சுட்டுட்டார். அஞ்சு நாள் கழிச்சு டிரம்மண்ட் செத்துட்டார். புத்தி சுவாதீனம் இல்லைன்னு ஜூரி விடுதலை பண்ண, ஊரே கொதிச்சுது. விக்டோரியா ராணியே கோபப்பட்டாங்க. பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு கேள்வி கேட்டுது. அவங்க சொன்ன பதில்தான் 'மெக்நாட்டன் விதிகள்'. மெக்நாட்டன் பெத்லம் ஆஸ்பத்திரியிலயும் அப்புறம் பிராட்மூர்லயும் இருந்து 1865-ல செத்தார்.

இன்னிக்கும் சட்டம் படிக்கிற பசங்க மெக்நாட்டன் பேரை மனப்பாடம் பண்றாங்க. டிரம்மண்ட் யாருன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. கொன்னவர் பேர்ல விதியே இருக்கு. செத்தவர் வீட்டுக்கு அந்த விதியில ஒரு வரிகூட இல்லை.

அந்த விதி கப்பலேறி நம்ம ஊருக்கு வந்தது 1860-ல, இந்திய தண்டனைச் சட்டம் 84-ஆவது பிரிவா. செய்யற நேரத்துல மனநிலை சரியில்லாம, தான் என்ன செய்யறோம்னோ அது தப்புன்னோ சட்டவிரோதம்னோ தெரிஞ்சுக்க முடியாத நிலையில ஒருத்தர் இருந்தா, அது குற்றமாகாது. 2024 ஜூலை 1-லேர்ந்து இதுவே பாரதிய நியாய சன்ஹிதாவுல 22-ஆவது பிரிவு. நம்பர் மாறிடுச்சு, சாரம் அதேதான்.

பம்பாய் ராமன் ராகவ் கதை தெரியும்தானே? 60-கள்ல வடக்குப் புறநகர்ல பிளாட்பாரத்துலயும் குடிசையிலயும் தூங்கினவங்களை ராத்திரியில கொன்னவர். 1968 ஆகஸ்ட்ல பிடிச்சாங்க. தூக்குத் தண்டனை விதிச்சாங்க. டாக்டர்கள் குழு பரிசோதிச்சு தீராத மனநோய்னு சொன்னதால ஹைகோர்ட் அதை ஆயுள் தண்டனையா குறைச்சுது. 1995-ல செத்தார். அவரை வெச்சு 1991-ல ஸ்ரீராம் ராகவன் ஒரு படம் எடுத்தார். 2016-ல அனுராக் காஷ்யப் அந்தப் பேரையே தலைப்புல வெச்சு இன்னொரு படம் எடுத்தார். பிளாட்பாரத்துல செத்தவங்களோட பொண்டாட்டி புள்ளைங்க எங்க போனாங்கன்னு எடுக்க ஒருத்தரும் வரலை.

லண்டன், பம்பாய் போதும், நம்ம ஏரியாவுக்கு வருவோம். வடசென்னையில கொலை நடந்தா போஸ்ட்மார்ட்டத்துக்கு உடம்பு போறது பெரும்பாலும் ஸ்டான்லிக்குத்தான். பெருசுங்க வாயில அது இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. 1782 பஞ்சத்துல கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரத்துலேர்ந்து வளர்ந்த இடம். அதே வளாகத்துல மனநலப் பிரிவும் இருக்கு. கொன்னவரும் செத்தவரும் ஒரே வீடா இருந்தா, மாத்திரை வாங்க வந்த அதே கேட்டு வழியாத்தான் அந்தக் குடும்பம் பிணம் வாங்கவும் வரணும்.

ஒரே வீடுன்னு சும்மா சொல்லலை. இந்த மாதிரி சம்பவங்கள்ல பலதுல செத்தவர் முன்னப்பின்ன தெரியாத ஆள் இல்லை. அம்மா, அப்பா, பொண்டாட்டி, கூடப் பொறந்தவங்கதான். எங்க ஏரியாவுலயும் ஒரு ஆயா. புருஷன் செத்துட்டார். கொன்னது பெத்த புள்ள. கேஸ்ல முதல் சாட்சியும் இவங்கதான், ஜெயில்ல மனு போட்டு புள்ளையைப் பார்க்கப் போனதும் இவங்கதான். தீர்ப்பு நகல் இங்கிலீஷ்ல இருந்ததால, இன்ஜினியரிங் படிச்ச பையன்னு என்கிட்ட எடுத்துட்டு வந்தாங்க.

"இன்னா நைனா எழுதிக்கீறாங்க?"

"விடுதலைன்னு எழுதியிருக்காங்க ஆயா. ஆனா கீழ்ப்பாக்கத்துல வெச்சு வைத்தியம் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ எம்புள்ள பண்ணலைன்னு சொல்ட்டாங்களா?"

இதுக்கான பதில் சட்டத்துலயே இருக்கு. இப்படி விடுதலை பண்ணும்போது, அந்தச் செயலை அவர் செஞ்சாரா இல்லையான்னு கோர்ட் தீர்ப்புல வெளிப்படையா எழுதணும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 334, இப்போ பிஎன்எஸ்எஸ்ல 373. செஞ்சார்னுதான் எழுதியிருந்துது. அந்த வரியைத் தமிழ்ல சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அதுக்கு ஒண்ணும் தெரியல, அதான?"ன்னாங்க. 84-ஆவது பிரிவை இதைவிடச் சுருக்கமா யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த பிரிவு 335, இப்போ 374. விடுதலையானவரைப் பாதுகாப்பான இடத்துல வைக்கலாம், இல்லைன்னா ஒழுங்கா பார்த்துக்கறோம்னு ஜாமீன் குடுக்கிற சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைக்கலாம். இந்தப் பிரிவுல செத்தவர் குடும்பத்தை ஒரு வார்த்தை கேக்கணும்னு எங்கயும் இல்லை. வெளிய வரப்போறார்னு தகவல் சொல்லணும்னும் இல்லை.

இது இப்படித்தான் இருக்கணும்னு விதி ஒண்ணும் கிடையாது. 1992 டிசம்பர் 17 அன்னிக்கு லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் ஸ்டேஷன்ல ரயிலுக்கு நின்ன ஜோனதன் ஜிட்டோங்கிற 27 வயசு இசைக்கலைஞரை, கிறிஸ்டோபர் குளூனிஸ்ங்கிறவர் கத்தியால குத்திட்டார். ஸ்கிசோஃப்ரினியா நோயாளி. ஜோனதனுக்குக் கல்யாணமாகி மூணு மாசம்தான். அவரோட மனைவி ஜேன், கொன்னவரைத் தூக்குல போடுன்னு கேக்கலை. இத்தனை ஆஸ்பத்திரி பார்த்தும் இவரை எப்படிக் கைவிட்டீங்கன்னு கேட்டாங்க. விசாரணைக் குழு வந்தது. 1994-ல வந்த ரிச்சி அறிக்கை, ஒருத்தர் கையிலேர்ந்து ஒருத்தர் கைக்கு மாத்தி மாத்தி அவரைத் தவற விட்டதை வரிசையா எழுதிச்சு. நம்ம வேலையில சர்வர் விழுந்தா ரூட் காஸ் அனாலிசிஸ் எழுதறோம்ல, அது மாதிரி. அதே வருஷம் ஜேன் ஜிட்டோ டிரஸ்ட் ஆரம்பிச்சாங்க, 2009 வரைக்கும் நடந்துது. மனநலச் சிகிச்சையில இருந்தவர் கொலை பண்ணினா தனி விசாரணை வேணும்னு அரசே 1994-ல உத்தரவு போட்டுது. நோயாளி ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளிய வரும்போது எந்த நிபந்தனை வேணும்னு செத்தவர் குடும்பம் கருத்துச் சொல்ற உரிமை 2004 சட்டத்துல வந்துது. இதுல எதுவும் நோயாளியைத் தண்டிக்கிற விஷயம் இல்லைங்கிறதைக் கவனிங்க. உண்மை தெரியணும், தகவல் வரணும், அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல கதவு கொஞ்சம் திறந்தது 2009 டிசம்பர் 31-ல. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 357ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. இப்போ பிஎன்எஸ்எஸ் 396. பாதிக்கப்பட்டவங்களுக்கும் அவங்க வாரிசுகளுக்கும் அரசு நிதியிலேர்ந்து இழப்பீடு. முக்கியமான விஷயம், வழக்கு விடுதலையில முடிஞ்சாலும் கோர்ட் பரிந்துரைக்கலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு ரெண்டு மாசத்துல விசாரணையை முடிக்கணும். தமிழ்நாட்டுக்கான திட்டம் 2013-ல வந்துது. செத்தது பெண்ணா இருந்தா, தேசிய ஆணைக்குழுவோட 2018 திட்டத்துல 5 லட்சத்துலேர்ந்து 10 லட்சம் வரைக்கும் சொல்லியிருக்கு. அதாவது 84-ஆவது பிரிவு எழுதி 149 வருஷம் கழிச்சுத்தான், செத்தவருக்கும் ஒரு வீடு இருக்குன்னு சட்டம் கண்டுபிடிச்சுது.

ஆயா வீட்டுத் தீர்ப்புல இந்தப் பிரிவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. விசாரிச்சு அவங்ககிட்ட சொன்னேன். "புருஷன் உசுருக்கு புள்ள மேல காசு வாங்கச் சொல்றியா?"ன்னு சண்டைக்கே வந்துட்டாங்க. புள்ள தரப் போறதில்லை, அரசாங்கம் தர்றதுன்னு புரியவைக்க ரெண்டு வாரம் ஆச்சு. சட்டம் இருந்தா மட்டும் போதாது, பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்ல ஆள் வேணும்னு அன்னிக்குப் புரிஞ்சுது. அந்த ஆள் போலீஸ் ஸ்டேஷன்லயும் இல்லை, கோர்ட்லயும் இல்லை, ஆஸ்பத்திரியிலயும் இல்லை. ஒவ்வொரு இடத்துலயும் அவங்களுக்கு ஒரு பேர் இருக்கு. சாட்சி, மனுதாரர், நோயாளியோட அம்மா. புருஷனைப் பறிகொடுத்தவங்கன்னு மட்டும் எந்த ரிஜிஸ்டர்லயும் இல்லை.

உங்க தெருவுல இப்படி ஒரு வீடு இருந்தா, "எப்படி நடந்துது"ன்னு கதை கேக்கப் போகாதீங்க. சட்ட உதவிக்கு 15100, மனசு உடைஞ்சு போயிருந்தா டெலி மானஸ் 14416. ரெண்டு நம்பரையும் எழுதிக் குடுங்க. முடிஞ்சா கூடப் போயிட்டு வாங்க.

டிஸ்கி: நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை, பொட்டி தட்டறவன். பதிவுலகத்துல வக்கீல் அண்ணாச்சிங்க நிறையப் பேர் இருக்கீங்க. 396-ல மனு போட்டு வாங்கிக் குடுத்த அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. யாருக்காவது உதவும்.