வீட்டில் என்ன பேசுவது? சிங்கப்பூர் சீனக் குடும்பங்களின் கதை

சிங்கப்பூர் என்றதும் நம் ஆட்களுக்கு முஸ்தபா கடையும், ரயிலில் கேட்கும் தமிழ் அறிவிப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். நாலு ஆட்சிமொழி உள்ள நாடு, அதில் தமிழும் ஒன்று என்று பெருமைப்பட்டுக் கொள்வோம். ஆனால் அந்த ஊரின் சீனக் குடும்பங்களுக்குள் நடந்த ஒரு மாற்றம் பற்றி இங்கே அதிகம் பேர் எழுதியதில்லை. ஒரு தலைமுறைக்குள் வீட்டு மொழியையே மாற்றிக் கொண்டார்கள்!

முதலில் ஒரு விஷயம். "சீன மொழி" என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே மொழி இல்லை. சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்த சீனர்களில் பெரும்பாலோர் தென்சீனாவிலிருந்து வந்தவர்கள். ஹொக்கியன், தியோச்சு, காண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று ஊருக்கு ஒன்று பேசினார்கள். எழுத்து ஒன்றுதான், ஆனால் ஹொக்கியன் மட்டும் தெரிந்தவருக்குக் காண்டனீஸ் புரியாது. அப்பா ஒன்று, அம்மா வேறொன்று, சந்தையில் மலாய், ஆபீசில் ஆங்கிலம் என்று பல வீடுகளில் வண்டி ஓடியது. மாண்டரின் என்பது பெரும்பாலும் சீனப் பள்ளிக்கூடத்தில் படிப்பது, அவ்வளவுதான்.

சிக்கல் பள்ளியில் ஆரம்பித்தது. 1966-லிருந்து உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் மொழி கட்டாயம். ஆங்கில வழியில் படிப்பவர் "தாய்மொழி"யும் படிக்க வேண்டும். சீனப் பிள்ளைக்கு அந்தத் தாய்மொழி மாண்டரின். வீட்டில் தாய் பேசுவது ஹொக்கியனாக இருந்தாலும் சரி! (தாய்க்கே தெரியாத தாய்மொழி...) 1979-இல் கோ கெங் ஸ்வீ தலைமையிலான குழுவின் கல்வி அறிக்கை வெளியானது. பாடம் நடத்தும் மொழிகள் சுமார் 85 சதவீதப் பிள்ளைகளின் வீட்டில் பேசப்படுவதே இல்லை என்று அது சொன்னது.

பிரதமர் லீ குவான் இயூ இதற்குக் கண்ட மருந்து, வீட்டை மாற்றுவது. பள்ளியை அல்ல. 1979 செப்டம்பர் 7 அன்று "மாண்டரின் பேசுவோம்" இயக்கத்தைத் தொடங்கினார். ஆங்கிலம், மாண்டரின், அதோடு ஒரு வட்டார மொழி என்று மூன்றைச் சுமக்கச் சராசரிப் பிள்ளையால் முடியாது, எனவே வட்டார மொழி போகட்டும் என்பது அவர் வாதம். சும்மா போஸ்டர் ஒட்டியதோடு நிற்கவில்லை. வானொலி, தொலைக்காட்சியில் வட்டார மொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. ரெடிஃப்யூஷனில் காண்டனீஸில் கதை சொல்லிப் பெரும் கூட்டத்தைக் கட்டிப் போட்டிருந்த லீ டாய் சோர் 1982-இல் விடைபெற்றார். 1984-இல் இயக்கத்தின் குறி நேராகப் பெற்றோர் மேல். பிள்ளையின் எதிர்காலம் உங்கள் கையில், மாண்டரின் பேசுங்கள் என்றார்கள். எந்த அப்பா அம்மாவால் இதற்கு எதிர்ப்பேச்சு பேச முடியும்?

பலன் வேகமாக வந்தது. 1980-இல் முதல் வகுப்பில் சேர்ந்த சீனப் பிள்ளைகளில் ஏறக்குறைய 64 சதவீதம் பேர் வீட்டில் வட்டார மொழி பேசியவர்கள். பத்தே ஆண்டுகளில் அது பத்து சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. பல பெற்றோர் தங்களுக்கே அரைகுறையாகத் தெரிந்த மாண்டரினில் பிள்ளைகளிடம் பேசினார்கள். பரீட்சையில் மார்க், நாளைக்கு வேலை என்ற கணக்கில் அது லாபமான முடிவுதான். சந்தேகமில்லை.

நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்றால், பாட்டி தாத்தா தலையில். ஹொக்கியனோ தியோச்சுவோ மட்டும் தெரிந்த பாட்டி. மாண்டரினும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த பேரன். நடுவில் மொழிபெயர்ப்பாளராக அம்மா. அம்மா வேலைக்குப் போய்விட்டால் இருவருக்குள்ளும் "சாப்பிட்டாயா"வைத் தாண்டிப் பேச்சு நகராது. இந்தச் செலவை எந்தப் போஸ்டரும் சொல்லவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மாண்டரினும் வீட்டில் நிலைக்கவில்லை. 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாகிவிட்டது. மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து ஆங்கிலத்தைக் கொண்டு வரும், இளையது அதனிடம் பிடித்துக் கொள்ளும். 2010 கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 32.3 சதவீதம். 2020-இல் 48.3. மாண்டரின் 35.6-லிருந்து 29.9-க்கு இறங்கியது. சீன வட்டார மொழிகள் எல்லாம் சேர்த்து 8.7 சதவீதம்தான்.

தமிழுக்கு எதிராக அங்கே யாரும் இயக்கம் நடத்தவில்லை. பள்ளியில் பாடம், தொலைக்காட்சியில் நிகழ்ச்சி, நாளிதழ் எல்லாம் உண்டு. இருந்தும் 2010-இல் 3.3 சதவீதமாக இருந்த வீட்டுத் தமிழ் 2020-இல் 2.5 ஆகிவிட்டது. ஆக, தடை போட்டதால் மட்டும் ஒரு மொழி வீட்டை விட்டுப் போவதில்லை. பரீட்சைத்தாள் எந்த மொழியில் வருகிறதோ, கொஞ்ச நாளில் சாப்பாட்டு மேசையிலும் அதுவே வந்து உட்கார்ந்து கொள்கிறது.

லீ குவான் இயூ சொந்த வீட்டிலும் யோசித்தே நடந்தவர். ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவர், மாண்டரினைப் பெரியவரான பிறகு கற்றுக் கொண்டவர், தன் மூன்று பிள்ளைகளையும் சீனப் பள்ளிக்கு அனுப்பினார். இருமொழிக் கல்வியைத் தப்பான முறையில் தொடங்கிவிட்டோம் என்று 2009-இல் அவரே ஒப்புக் கொண்டார். ஆனால் அவர் சொன்னது மாண்டரினைக் கற்பித்த முறையைப் பற்றி. வட்டார மொழிகள் விஷயத்தில் மனிதர் கடைசி வரை இறங்கி வரவில்லை.

அரசாங்கம் கொஞ்சம் இறங்கி வந்தது. 2014-இல் முதியோருக்கான முன்னோடித் தலைமுறைச் சலுகைகளை விளக்க ஹொக்கியன், காண்டனீஸ் போன்ற மொழிகளில் விளம்பரப் படங்கள் எடுத்தார்கள். 2016-இல் தொலைக்காட்சியில் ஹொக்கியன் நாடகம் ஒன்றே வந்தது. தலைப்பு, "சாப்பிட்டாச்சா?". முதியவர்களுக்கு உடல்நலமும் அரசுத் திட்டங்களும் பற்றிச் சொல்வதற்காக எடுத்தது. வீட்டில் உட்கார்ந்து அதையெல்லாம் பாட்டிக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய பேரப்பிள்ளைகளுக்கு ஹொக்கியன் தெரியாது.